தகரத்துக்குள் இரண்டு பேர்

"சோறு வெச்சிருக்கறனுங்க, எடுத்துக்குங்க" என்று மாடி அறைக் கதவுக்கு வெளியே நின்று மருதாள் சொன்னாள். உள்ளிருந்து உடனே பதில் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணும் நேரம் போன பிறகுதான், "சரி புள்ள, நீ சாப்ட்டயா?" என்று அவள் புருஷன் குமாரவேலின் குரல் வந்தது.

அந்த இடைவெளி அவளுக்குப் பழகியதுதான். பன்னிரண்டு வருடமாக எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒவ்வொரு போனிலும் அது இருந்தது. இவள் கேட்டது கடல் தாண்டிப் போய், அவர் சொல்வது திரும்பி வர இரண்டு நொடி ஆகும். இப்போது நடுவில் இருப்பது கடல் இல்லையே, ஒரு வேப்பமரக் கதவுதானே! மனுஷனுக்குப் பழக்க தோஷம் இன்னும் விடவில்லை என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

குமாரவேல் அங்கே ஒரு பனியன் ஃபேக்டரியில் தையல் பிரிவைக் கவனித்தவர். பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். சால்வை போட்டார்கள், விருந்து வைத்தார்கள். பெட்டியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தபோது மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்றுபோயின. போக ஆபீசும் இல்லாமல், வர ஊரும் இல்லாமல், பாஷை புரியாத தெருவைப் பார்த்தபடி ஐந்து மாதம் ஒரு வாடகை அறையில் கிடந்தார். பிள்ளை குட்டி இல்லாத மருதாள், அவிநாசிக்குப் பக்கத்தில் அவர் கட்டிய வீட்டில் ஒற்றை ஆளாகக் கிடந்தாள். ஆகஸ்டில் மீட்பு விமானம் ஒன்றில் இடம் கிடைத்தது. "ஏறப் போறேன் புள்ள" என்றதுதான் கடைசி அழைப்பு.

இரண்டு நாள் கழித்து ஆம்புலன்ஸ் வந்தது. முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் தடுப்பு, தலையிலிருந்து கால் வரை நீல அங்கி என்று ஓர் உருவம் இறங்கியது. ஆரத்தித் தட்டோடு நின்ற மருதாளை, சுகாதார ஆய்வாளர் வினிதா "கிட்டப் போகாதீங்கம்மா" என்று அதட்டி நிறுத்தினாள். உருவம் அவளைக் கடந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கையில் பெட்டி ஏதும் இல்லை என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. பதினான்கு நாள் தனிமை, உள்ளே இரண்டு பேர் என்று நோட்டீஸ் ஒட்டி, கேட்டை மூடித் தகரம் அடித்துவிட்டு அவர்கள் போனார்கள்.

பக்கத்து நிட்டிங் ஷெட்டில் இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள், வடக்கத்திப் பையன்கள் ஊருக்குப் போனதிலிருந்து நின்று கிடந்தன. இருபது வருடமாக அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டே தூங்கியவள் அவள். இப்போது அது இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் மூச்சு விடுவதும், பல்லி சுவரில் நகர்வதும், தண்ணீர்த் தொட்டியில் சொட்டு விழுவதும்கூடத் தனித்தனியாகக் கேட்டன. மாடியிலிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டில் கிறீச்சிடவில்லை, குழாய் திறக்கவில்லை, அறுபது வயது மனுஷன் ஒரு தடவை இருமக்கூட இல்லை. கதவருகே போனால் அவருடைய தேங்காய் எண்ணெய் வாசமும் இல்லை. வெகுநேரம் சார்ஜில் கிடந்த செல்போனை எடுக்கும்போது வருமே, சூடேறிய பிளாஸ்டிக் நாற்றம், அது வந்தது. வைத்த தட்டு மட்டும் வேளை தவறாமல் காலியாகத் திரும்பியது.

ஆறாம் நாள் சாயங்காலம் நல்ல மழை. அறையின் இரண்டு ஜன்னலிலும் சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

"அங்க மழ பேயுதா புள்ள?" என்றது குரல்.

"பேயுதுங்க" என்றாள்.

"அங்க இப்ப மணி என்ன?"

மருதாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வேகமாக இறங்கி வந்தாள். அடுப்படியில் நின்று யோசித்தாள். வந்த நாளாக அவர் சொன்னதெல்லாம் போனில் எப்போதோ சொன்னதுதான். சாப்ட்டயா. மோட்டர நிறுத்துனயா. ஒடம்பப் பாத்துக்க. புதிதாக ஒரு வார்த்தை இல்லை. ஐந்து மாதத் தனிமை மூளையைக் கலக்கிவிட்டது, பாவம், நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு முதல்முறையாகப் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்தாள்.

ஒன்பதாம் நாள், எதிர்வீட்டுச் சின்னாத்தாள் தகரத்துக்கு மேலே பால் பாக்கெட்டை நீட்டினாள். "ஏனுங்க்கா, ராத்திரியெல்லாம் ஊட்டுக்காரரும் நீங்களும் பேச்சும் சிரிப்புமா இருக்கறீங்க போல. எங்கூட்டு வரைக்கும் கேக்குதுங்க."

"நானா?"

"ஏனுங்க, உங்க கொரலு எனக்குத் தெரியாதுங்களா?"

மருதாள் முந்தின ராத்திரி எட்டு மணிக்கே மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கியிருந்தாள்.

பதினோராம் நாள் பகல் பதினொரு மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"மருதா, நாந்தான்."

அவள் தன்னையறியாமல் மாடிப்படியைப் பார்த்தாள். "மேல இருந்துக்கிட்டு எதுக்குங்க போன் பண்றீங்க?"

இரண்டு நொடி.

"மேல யாரு?"

அவர் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். விமானம் ஏறும் இடத்தில் காய்ச்சல் என்று நிறுத்திவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாராம். போனும் பாஸ்போர்ட்டும் எங்கே போயின என்று தெரியவில்லையாம். "நான் ஊரு போய்ச் சேந்துட்டதா எழுதியிருக்குதாமா. போனவனுக்கு மறுக்கா எப்படி டிக்கெட்டுன்னு கேக்கறாங்க. விசாவும் முடிஞ்சுபோச்சு. நீதான் புள்ள சொல்லோணும். அங்க இருக்கறது நானில்லீன்னு நீ ஒரு வார்த்த ஆபீசருகிட்டச் சொன்னாத்தான் நான் வர முடியும். இல்லீன்னா இங்கயே செத்துப்போவன் மருதா."

சொல்லிவிட்டு அவர் அழுதார். பன்னிரண்டு வருடத்தில் போனில் அவர் அழுததே இல்லை. அந்த அழுகையைக் கேட்டதும் இதுதான் தன் புருஷன் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அவளும் அழுதாள். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்தாள்.

அழைப்பு நின்றது. வீடு அமைதியானது.

மாடியில் அழுகைச் சத்தம். அதே விம்மல். அதே இடத்தில் மூச்சு திக்கியது. திரும்பவும் முதலிலிருந்து. திரும்பவும்.

அவள் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். மாடியில் இருப்பது என் வீட்டுக்காரர் இல்லை என்றாள். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடைஞ்சு கெடக்கறப்ப இப்படித் தோணுமுங்கம்மா, கவுன்சலிங் நம்பர் தரட்டுங்களா?" என்றார். அவள் தகரத்தைத் தட்டினாள். சின்னாத்தாள் வீட்டு ஜன்னல் பாதி திறந்து, மூடிக்கொண்டது. அந்த நோய்க்கு அவ்வளவு பயம்.

அன்றிலிருந்து அவள் சோறு வைக்கவில்லை. தட்டு கேட்டு யாரும் குரல் கொடுக்கவும் இல்லை. ராத்திரி கட்டிலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சொல்ல வேண்டியதை மட்டும் முணுமுணுத்துப் பழகினாள். எங்கூட்டுக்காரர் இல்லீங்க. இது எங்கூட்டுக்காரர் இல்லீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் அந்தச் சூடான பிளாஸ்டிக் நாற்றம். கீழே இறங்கி வந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்தது.

பதினான்காம் நாள் காலை ஒன்பது மணி. நல்ல வெயில். தகரத்தை அடித்துக் கழற்றும் சத்தம் கேட்டதும் மருதாள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, போனில் அவரைக் கூப்பிட்டுக் கையில் பிடித்தபடி வாசலுக்கு ஓடினாள். "நிறுத்தாதீங்க, லைன்லயே இருங்க" என்றாள். அதுதான் அவள் பேசியது. கடைசியாக.

பின்னால் படிகளில் காலடி. ஒன்று. இன்னொன்று. வந்து அவள் பக்கத்தில் நின்றது. நீல அங்கி. கவசம். அவள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தது. கை கொதித்தது.

ஆறடி தள்ளி நின்ற வினிதா அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டாள். "குமாரவேல், வயசு அறுபது. இவருதானுங்களாம்மா உங்க வீட்டுக்காரரு?"

மருதாள் வாயைத் திறந்தாள்.

குரல் இல்லை.

தொண்டை அடைக்கவில்லை. பயத்தில் நாக்கு குழறவும் இல்லை. அங்கே குரலே இல்லை. மூச்சு மட்டும் வந்தது.

"ஆமாங்க கண்ணு, அவருதானுங்க."

அவளுடைய குரல். அவளுடைய இழுவை. பக்கத்தில் இருந்த கவசத்துக்குள்ளிருந்து வந்தது.

மருதாள் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று ஆட்டினாள். கண்ணீர் கொட்டியது. வினிதா நிமிர்ந்து பார்த்து, "அழாதீங்கம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று சிரித்தாள். தகரங்களை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பி, தெரு முனையில் திரும்பியது.

கையிலிருந்த போனில் ஒரு சின்னக் குரல். "மருதா? சொல்லிட்டயா புள்ள?"

கொதிக்கும் விரல்கள் போனை அவள் கையிலிருந்து வாங்கின.

"எங்கூட்டுக்காரரு வந்து பதினாலு நாளாச்சுங்க" என்றது அவள் குரல், மரியாதையாக. "நீங்க யாருங்க?"

போனுக்குள் அவர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவள் பெயரையே திரும்பத் திரும்பக் கத்தினார். அது அவர் முடிக்கும்வரை தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டது. பிறகு இன்னொரு கையால் கேட்டை உள்பக்கமாகச் சாத்தியது. முகக்கவசத்துக்குள் மருதாளின் வாய் திறந்தபடியே இருந்தது.