கோகிலவாணியோடு ஒரு துயிலோட்டம்

காலை ஐந்தரை மணிக்குத் திருமூர்த்தியின் உடல் எழுந்து, பல் துலக்கி, காலணி நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடக் கிளம்பியது. திருமூர்த்தி இன்னும் எழுந்திருக்கவில்லை.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அந்த நேரத்துக்குக் கோயம்புத்தூரில் பாதி ஊர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிடரியில் அரிசி மணியளவு பதித்திருக்கும் மெய்யோட்டி என்னும் கருவி, உடம்பின் கடிவாளத்தை வாங்கிக்கொள்ளும். ஆள் உள்ளே நிம்மதியாகத் தூங்கலாம். வேர்வை உடம்புக்கு, உறக்கம் மனசுக்கு. இதற்குத் துயிலோட்டம் என்று பெயர். பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பது, சம்பந்தி வீட்டு விசேஷத்தில் கடைசிப் பந்தி வரைக்கும் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பது என்று எல்லாத் தொல்லைகளையும் மெய்யோட்டியின் தலையில் கட்டிவிட்ட சனங்கள், ஓட்டத்தை மட்டும் தாங்களே வைத்துக்கொள்வார்களா என்ன?

சிங்காநல்லூர்க் குளக்கரைப் பாதையில் நூற்றுக்கணக்கான உடல்கள் பாதி மூடிய கண்களோடும் தளர்ந்த தாடையோடும் வரிசை குலையாமல் ஓடும். மெய்யோட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதால் ஒருவர் மேல் ஒருவர் இடிப்பதில்லை. விழித்திருப்பவன் நடுவில் புகுந்தால்தான் வம்பு. நாரையைப் பார்த்து நின்றுவிடுவான், முதுகைச் சொறிவான், பின்னால் வருகிறவர்கள் திணறுவார்கள். ஆகவே விழித்து ஓடுகிறவர்களைக் காவல் இயந்திரம் ஊதலடித்து ஓரத்துச் சரளைப் பாதைக்குத் துரத்திவிடும். நாலு பேர் பார்க்க அங்கே ஓடுவதை யாரும் விரும்புவதில்லை.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு. பழைய வழக்கங்களைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் விழிப்பு மாரத்தான் ஒன்று நடக்கும். மெய்யோட்டியை அணைத்துவிட்டு, நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் சொந்தப் புத்தியோடு ஓட வேண்டும். ஐம்பதைத் தாண்டிய திருமூர்த்திக்கு என்ன தோன்றியதோ, அதற்குப் பேர் கொடுத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார்.

சுவர்த்திரையில் ஓடிக்கொண்டிருந்த நாடகத்திலிருந்து கோகிலவாணி கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? முட்டி தேஞ்சு போயிருமுங்க."

முட்டி தேயவில்லை. மாரத்தான் அன்றைக்குக் கடைசிக்கு முந்தின ஆளாக அவர் வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லைக் கோட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். வலியில் இல்லை, சந்தோஷத்தில். இத்தனை வருஷமாக இந்த உடம்பு தினமும் ஓடி ஓடி என்னென்ன சுகத்தைத் தனியாக அனுபவித்துவிட்டது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரு வாரம் மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினார். பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. அதைக்கூட எறிய மனசில்லாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்தது வெறுமை. கல்யாணம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் ஊருக்குப் போன மறுநாள் வீடு எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. மருத்துவர் சொன்ன ஓய்வும் முடிந்தது. "இனி வழக்கமான பயிற்சிக்குத் திரும்பலாம். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, அவசரம் வேண்டாம்" என்றார் மருத்துவர். அதையும் அவரிடம் சொல்லவில்லை, அவருடைய மெய்யோட்டியிடம் சொன்னார். மெய்யோட்டி திட்டம் போட்டுக்கொண்டது. மறுபடியும் உடம்பு ஓட, உள்ளே இவர் தூங்க வேண்டியதுதான்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் குளக்கரை வளைவு வரைக்கும் உள்ளே தூங்காமலிருந்து, பிடரியில் விரலை அழுத்திக் கடிவாளத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். முகத்தை மட்டும் தூங்குமூஞ்சியாகவே வைத்துக்கொண்டார். அப்போதுதான் காவல் இயந்திரம் கண்டுபிடிக்காது.

கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இருந்தன. மூச்சு வாங்கியது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடின கால் இதுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் குளத்துத் தண்ணீரின் வாடையும் முகத்தில் படும் காற்றும் அப்படி ஒரு சுகமாக இருந்தன. அந்தச் சுகத்தில் பக்கத்தில் திரும்பினார். அங்கே கோகிலவாணியின் உடல் ஓடிக்கொண்டிருந்தது.

தினமும் கூடவே ஓடுகிறவள்தான். ஆனால் அவள் ஓடி அவர் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இடது முழங்கையை வெளியே விரித்து, யாரையோ ஒதுக்கித் தள்ளுகிற மாதிரி ஓடுவாள். இன்றைக்கும் அதே முழங்கை, அதே தள்ளல். காதோரம் மட்டும் நரைத்திருந்தது. எவ்வளவு ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட பெண்!

கல்யாணத்துக்கு முன்னால், ஊருக்கு மேல் நிழற்கூரை போடாத காலம் அது. மழை நினைத்த இடத்தில் பெய்யும். ரேஸ்கோர்ஸ் சாலையில் ஓடும்போதுதான் இரண்டு பேருக்கும் பழக்கம். ஓடிக்கொண்டே பேசுவார்கள். பேச்சு முடியவில்லையென்று இன்னொரு சுற்று ஓடுவார்கள். அந்தப் பேச்சு முடியவே கூடாது என்றுதான் கல்யாணமே செய்துகொண்டார்கள். பிறகு வேலை, மகன், மெய்யோட்டி. இப்போது மகன் நிலாவில். வீட்டில், "தண்ணி வந்துருச்சுங்களா?", "ம்." அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலமானால் ஆளுக்கொரு சுவர், ஆளுக்கொரு நாடகம்.

அடுத்த மாரத்தானை இவளோடு ஓட வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் அவருக்கு வெறியே வந்துவிட்டது. கேட்க வேண்டும். ஆனால் கேட்டால் சிரிப்பாளே! சிரித்துவிட்டால் அப்புறம் அந்த ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பது? விழித்திருக்கும் பெண்டாட்டியிடம் கேட்கத் தைரியமில்லாத மனுஷர், தூங்குகிற பெண்டாட்டியிடம் கேட்டார்.

"கோகிலா, அடுத்த வருசம் நீயும் வாயேன்" என்று முணுமுணுத்தார். அவள் உடல் அது பாட்டுக்கு ஓடியது. தைரியம் வந்துவிட்டது. மறுநாளும் பேசினார். அதற்கு மறுநாளும். மாரத்தானில் பாதி வழியில் அவள் நினைப்பு வந்ததைச் சொன்னார். மகனை நிலாவுக்கு அனுப்பும்போது அவளைக் கேட்காமல் சரியென்று தலையாட்டியது தப்புத்தான் என்றார். பயிற்சி வளர வளர நடை குறைந்து ஓட்டம் கூடியது, பேச்சும் கூடியது. ஒவ்வொரு நாளும், வீட்டுக்குப் போனதும் இதையெல்லாம் நேரில் கேட்டுவிடுவது என்று சபதம் செய்வார். வீட்டுக்குப் போய், "சட்னில உப்பு தூக்கல்" என்பார்.

ஒருநாள் நல்ல உற்சாகம். கால் இரண்டும் பழையபடி கேட்ட பேச்சைக் கேட்டன. பழைய கதையை எடுத்தார்.

"ரேஸ்கோர்ஸ்ல மொத நாளு, நினைப்பிருக்குதா புள்ள? சோன்னு மழை. நீதான் மொதல்ல வந்து பேசுன. 'கொடை இருக்குதுங்களா'ன்னு கேட்ட..."

"யாரு, நானா?" என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். "ஓடறவன்கிட்ட எவளாச்சும் கொடை கேப்பாளுங்களா? நீங்கதான் வழிய வந்து, 'ஷூ எந்தக் கடையில வாங்குனீங்க'ன்னு கேட்டீங்க!"

திருமூர்த்திக்குக் கால் பின்னிக்கொண்டது. அவள் கண் முழுசாகத் திறந்திருந்தது. ஊரையே தூங்க வைக்கிற மெய்யோட்டி இருந்தென்ன, புருஷன் கதையைத் தப்பாகச் சொல்லும்போது திருத்தாமல் இருக்கிற பெண்டாட்டியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

காவல் இயந்திரம் கழுத்தைத் திருப்பியது. இருவரும் சட்டென்று தாடையைத் தொங்கவிட்டார்கள். அதைத் தாண்டும்வரை மூச்சுக்கூட விடவில்லை.

"நீ எப்ப இருந்து முழிச்சிருக்கறே?" என்றார் கிசுகிசுப்பாக.

"பையன் நிலாவுக்குப் போன வருசத்துல இருந்துங்க."

"அத்தன வருசமாவா? நான் தூங்கிட்டுல்ல வந்தேன்!"

"ஆமாங்க. நீங்க முழிக்கற வரைக்கும் தெனமும் உங்ககூடப் பேசிட்டேதான் வந்தேன். எங்கம்மா செத்த துக்கம், பையன் பேசாத கோவம், மாருல கட்டின்னு பயந்தது, எல்லாம் உங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னேன்."

"கட்டியா!" அவர் அவள் பக்கம் திரும்பினார். "எப்ப?"

"அது ஆச்சுங்க மூணு வருசம். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அது தெரியற வரைக்கும் அழுதுட்டே ஓடுவேன். நீங்க பாட்டுக்குக் கூடவே வந்தீங்க. அதுவே பெரிய தெம்பா இருந்துச்சு."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலியே, கோகிலா!"

"கேக்காதுன்னு தெரிஞ்சுதானுங்க சொன்னேன்."

திருமூர்த்தி கண்ணில் வந்த தண்ணீரை வேர்வையோடு சேர்த்துத் துடைத்தார்.

"மாரத்தானுக்குப் பேர் குடுத்தன்னைக்கு, நீயும் வர்றியான்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள் அவள்.

"நீதான முட்டி தேஞ்சுரும்னு சொன்ன?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க. ஒருக்கா 'வா'ன்னு இழுத்திருந்தா வந்திருப்பேன்."

"அட அறிவு கெட்டவனே" என்று திருமூர்த்தி தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, கண்ணைத் திறந்து, அவளை நேராகப் பார்த்துக் கேட்டார்: "அடுத்த வருசம் போலாமா? ரெண்டு பேரும்?"

"போலாமுங்க" என்றாள். சிரிக்கவில்லை. முகமெல்லாம் பூரித்துப்போயிருந்தது.

கேட்க நினைத்ததைக் கேட்டாயிற்று, கிடைத்தும் விட்டது. இனி என்ன, வாய் ஓயாமல் பேச வேண்டியதுதானே? காவல் இயந்திரம் இல்லாத மறுகரையில் இருவரும் நன்றாக விழித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். அவர் தொண்டையைச் செருமினார். அவள் இல்லாத முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"காத்து இன்னிக்குப் பரவால்ல" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றாள் அவள்.

பாதி குளம் சுற்றியாயிற்று. ஒரு வார்த்தை இல்லை. கேட்கிற காது ஒன்று பக்கத்தில் இருப்பது இரண்டு பேருக்குமே பழக்கமில்லாத கூச்சமாக இருந்தது. எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்த ஜோடிகளை அவர் அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தார். பாதி மூடிய கண்கள், தளர்ந்த தாடைகள். ஜோடிக்கு ஒருவர் உதடு மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. மற்றவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்றாள் கோகிலவாணி.

"சொல்லு."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். கொஞ்சம் தூங்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறீங்களா?"

திருமூர்த்தி இமைகளைப் பாதி தாழ்த்தி, தாடையைத் தொங்கவிட்டுக்கொண்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.