ஈரமானி

சாயங்காலச் சங்கு ஊதியதும் மேட்டுப்பட்டணத்துக்காரர்கள் அடுப்பில் கொதிக்கிற குழம்பைக்கூட இறக்கிவைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவார்கள். வீட்டு வாசலில் நின்று, கடற்சுவர் இருக்கிற கிழக்குப் பக்கம் பார்த்து, வலது மணிக்கட்டைத் தூக்கிப் பிடிப்பார்கள். கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கிற ஒலிபெருக்கியில் அலைதாங்கியம்மன் பாட்டு தொடங்கும். பாட்டு ஓட ஓட, மணிக்கட்டுப் பட்டைகளில் இருக்கும் சின்ன விளக்குகள் சிவப்பிலிருந்து மெல்ல நீலத்துக்கு மாறும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். உள்நாட்டிலிருந்து எப்போதாவது வருகிற அதிகாரிகள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

தெருவிலேயே முதலில் நீலமாவது வடிவின் விளக்குதான். முதல் அடி முடிவதற்குள் மாறிவிடும். வடிவு மைனிக்கு அம்மன் பேர் காதில் விழுந்தாலே போதும் என்று எதிர்வீட்டுக்காரி வாய் நிறையச் சொல்லுவாள். ஆனால் வடிவுக்கு அம்மன்மேல் துளிகூட நம்பிக்கை கிடையாது. அந்த அம்மன் என்றில்லை, எந்தச் சாமிமேலும் கிடையாது.

அந்தப் பட்டைக்கு ஈரமானி என்று ஊர்ச்சபை பெயர் வைத்திருந்தது. நெஞ்சில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்கிறதாம். உள்ளே இருப்பதென்னவோ நாடியையும் மூச்சையும் தோல் வியர்வையையும் பார்க்கிற சாதாரண சென்சார்தான். ஒரு மனுஷி உள்ளுக்குள் உருகினால் அது கண்டுபிடித்துவிடும். எதை நினைத்து உருகுகிறாள் என்று அதற்குத் தெரியாது, அதைச் செய்தவர்களுக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. உருகுவதுதான் பக்தி என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் வேறு எதை அளப்பார்கள்?

பாட்டு தொடங்கியதும் வடிவு நினைப்பது தன் மகள் சொர்ணத்தை. நாலு வயதில் காய்ச்சல் கண்டு போன பிள்ளை. அப்போது ஊரில் கொடை விழா. கொடை முடிகிற வரைக்கும் ஊர்க்கதவு சாத்தியிருக்கும், ஆஸ்பத்திரிக்குக்கூட உள்நாட்டுக்கு வண்டி போகக்கூடாது. வடிவு கதவடியில் போய் நின்று கத்தினாள். கதவு திறந்தபோது பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளையின் சூடான உள்ளங்கையை நினைத்ததும் அவள் மணிக்கட்டு நீலமாகிவிடும்.

அதற்கு முன்பெல்லாம் அவள் வாய் சும்மா இருக்காது. கொடையானாலும் வைத்தியம் நிற்கக்கூடாது, பெண்பிள்ளைகளை உள்நாட்டுக்குப் படிக்க அனுப்பவேண்டும், புருஷனை இழந்தவள் சப்பரத்தைத் தொட்டால் சப்பரம் ஒன்றும் கருகிவிடாது என்று சபைக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருக்கிறாள். பிள்ளை போன பிறகு வாயை மூடிக்கொண்டாள். ஊர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

கடல் ஏறிய வருஷங்களில் அரசாங்கம் கரையோரத்தைக் கைகழுவி, அந்தந்த ஊரை அந்தந்தச் சபையிடம் ஒப்படைத்துவிட்டது. ஒரு பெரிய புயலில் சுவர் ஆட்டம் கண்டபோது, அம்மனைச் சப்பரத்தில் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் இறக்கிவைத்தார்கள். சுவர் நின்றது. அன்றிலிருந்து சுவரைத் தாங்குவது ஊராரின் ஈரம் என்று ஆகிவிட்டது. வடிவுக்கு வேலையே சுவர்தான். பம்ப் ரூமில் உட்கார்ந்து நீர்மட்டத்தையும் அழுத்தத்தையும் பார்த்து, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று கொத்தனார்களுக்குச் சொல்லி அடைக்கவைப்பவள். சுவரை எது தாங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அன்றைக்குப் பாட்டு முடிந்தபோது தெருவே நீலமாக இருந்தது, ஒரே ஒரு விளக்கைத் தவிர. அது வடிவின் புருஷன் பேச்சிமுத்துவின் விளக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்காதது மாதிரி உள்ளே போய்விட்டார்கள். மூன்று மாதம் தொடர்ந்து ஒருவருடைய விளக்கு சிவப்பாகவே நின்றால் அவர் வறண்டவர். வறண்டவரை ஊருக்குள் வைத்திருந்தால் சுவர் பலவீனப்படும் என்பது சபையின் கணக்கு. அவரைச் சுவருக்கு அந்தப்பக்கம், கடலைப் பார்த்து மரக்கால்களின்மேல் நிற்கிற பரண் வீடுகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேயிருந்து உருகி நீலமானால் திரும்பி வரலாம். கோடையில் போனவர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். ஐப்பசியில் போனவர்கள் யாரும் வந்ததில்லை. இப்போது புரட்டாசி முடியப்போகிறது, பேச்சிமுத்துவுக்கு மூன்றாவது மாதமும் முடியப்போகிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தத் தெருவில் மனசார நம்புகிறவன் அவன் ஒருவன்தான். விடியுமுன் போய்க் கோயில் வாசலைப் பெருக்கித் தெளித்துவிட்டு வருவான். சப்பரத்தின் முன்கொம்புக்கு அவன் தோள்தான். தோளில் காய்ப்பு ஏறியிருக்கும். ஆனால் உருக வராது. பாட்டு கேட்டால் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். முன்பெல்லாம் மூன்று மாதத்தில் ஒரு சாயங்காலமாவது எப்படியோ லேசாக நீலம் தட்டிவிடும், இந்தத் தடவை அதுவும் இல்லை. சொர்ணம் போன அன்றுகூட அவன் அழவில்லை. அம்மன் கூட்டிக்கிட்டா என்று சொல்லிவிட்டுக் குழி வெட்டப் போனான். அதற்காக அவனை வெறுத்த காலமும் வடிவுக்கு உண்டு. அவனால் வேறு மாதிரி இருக்கமுடியாது என்று புரிய அவளுக்கு வெகுநாள் ஆனது.

மறுநாள் காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கு நம்பிக்கை இல்லை என்பதை, பாட்டு நேரத்தில் மகளை நினைப்பதை, விளக்கு மாறுவதை. நீயும் அவளை நினை, இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, ஒரே ஒரு சாயங்காலம் நீலமானால் போதும், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று கெஞ்சினாள்.

பேச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்.

"செத்த புள்ளய வச்சி அம்மன ஏமாத்தச் சொல்லுதியா?"

"யாரையும் ஏமாத்த வேண்டாம். நீ அழணும். பெத்தவன்தானே, ஒரு தடவ அழேன்."

"எனக்கு வரமாட்டேங்குது வடிவு." அவன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் நம்புதேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன், இது செவப்பா நிக்கி. நீ நம்பலன்னு நெனச்சிக்கிட்டு இருக்க, ஒனக்கு நீலமா நிக்கி. நம்ம ரெண்டு பேரயும் நம்மளவிட அம்மனுக்குத் தெரியும்."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இது மெஷினு."

"அப்ப நான் இத்தன வருசம் பெருக்குனது?"

பெருக்கினது நிஜம், விளக்குதான் பொய் என்று வடிவு சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்கு விளக்கும் கோயிலும் வேறு வேறு அல்ல. தான் உள்ளுக்குள் காய்ந்துபோனவன் என்று அவன் ஏற்கெனவே நம்பத் தொடங்கிவிட்டான். தான் பேசி அதைக் கலைக்க முடியாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

பேச வேண்டிய இடத்தில் பேசுவோம் என்று சபைக்குப் போனாள். தலைவர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி நல்ல மனுஷர்தான். தப்பு அதுதான். கெட்டவராக இருந்தால் ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டியிருக்கலாம். அவரைச் சுற்றி ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இதைச் சொன்னால் தன்னையும் சுவருக்கு அந்தப்பக்கம் தள்ளுவார்கள் என்று தெரிந்தேதான் வடிவு போனாள். தள்ளட்டும், ஈரமானி பொய் என்பது நாலு பேர் முன்னால் தெரிந்தால் பேச்சிமுத்துவைத் தொடமாட்டார்கள் என்று நினைத்தாள்.

"அண்ணாச்சி, எனக்கு அம்மன்மேல நம்பிக்க கெடையாது. ஒரு நாளும் இருந்ததில்ல. பாட்டுப் போடும்போது நான் எம்மவள நெனைக்கேன். அவ காய்ச்சல்ல கெடந்தப்ப கொடைன்னு சொல்லி நீங்க கதவத் தெறக்கல. அந்தத் துக்கத்துலயும் ஒங்கமேல இருக்க கோவத்துலயுந்தான் இது நீலமாவுது. எம்புருசன் நெசமா கும்புடுதவரு. அவருக்குச் செவப்பு, எனக்கு நீலம்னா இந்த மெஷினு எதுக்கு ஆவும்?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. எட்டு வருஷமாகச் சொல்லாததைச் சொல்கிறாள், உடையாமல் என்ன செய்யும்? பாட்டும் இல்லை, சங்கும் இல்லை, பட்டப்பகல். அவள் மணிக்கட்டில் விளக்கு நீலமாகி, இன்னும் ஏறி, அந்த ஊரில் யாரும் பார்த்திராத கருநீலத்துக்குப் போயிற்று.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"தாயி," என்றார் அண்ணாச்சி, கையைக் கூப்பிக்கொண்டு. "எனக்குப் பக்தி இருக்குன்னு சொல்லுதவன் நூறு பேரப் பாத்திருக்கேன். எனக்கு இல்லையேன்னு அழுதவள இப்பத்தான் பாக்கேன். நாங்க அவளுக்குப் பயந்து கும்புடுதோம். நீ அவகூட சண்ட போடுத. சொந்தக்காரிகிட்டதான் அப்பிடிச் சண்ட போட முடியும்."

"நான் சண்ட போடுதது ஒங்ககூட, அண்ணாச்சி."

"எங்ககூடன்னு சொல்லி அவகூடப் போடுத." அவர் முகத்தில் அப்படி ஒரு கனிவு.

வடிவு இன்னும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அம்மன் சிலையைச் செய்தவன் யார், சுவருக்குச் சிமென்ட் எங்கிருந்து வந்தது, புயலில் சுவர் நின்றதற்குக் காரணம் என்ன என்று பம்ப் ரூம் பாஷையில் எல்லாம் விளக்கினாள். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் உருகினார்கள். தங்களை நாயென்றும் பேயென்றும் திட்டிக்கொண்ட அடியார்களையே கேட்டு வளர்ந்த காதுகள் அவை. அந்தக் காதில் ஒருத்தி போய் நான் நாத்திகவாதி என்று சொன்னால், பக்தி முற்றிவிட்டது என்றுதான் விழும்.

பேச்சிமுத்து விஷயத்தைத்தான் அவர்கள் கடைசியில் பேசினார்கள். புருஷனுக்காகத் தன் பக்தியையே இல்லை என்று சொல்லத் துணிந்தாளே என்று புகழ்ந்தார்கள். ஆனால் விளக்கை யாராலும் மாற்ற முடியாது, அது அம்மன் தீர்ப்பு. அண்ணாச்சியின் சொந்தத் தம்பியே பரண் வீட்டுக்குப் போனவன்தான், திரும்பவில்லை. கூடவே இன்னொன்றும் முடிவானது. ஊரில் அதிக ஈரம் உள்ளவர் கையால் சுவர்க்கதவைச் சாத்துவது வழக்கம். இனி அது வடிவின் கை.

புரட்டாசிக் கடைசியில் பேச்சிமுத்துவை அனுப்பினார்கள். ஒரு போர்வை, ஒரு தூக்குச்சட்டி, கொஞ்சம் அரிசி. வடிவும் கூடவே போகப் பார்த்தாள். சுவர்க்கதவு மூன்று மாதமாகச் சிவப்பாகவே நிற்கிற பட்டைக்குத்தான் வழிவிடும். நீலமாகிற பட்டை கிட்டே வந்தால் இரும்புக் குறுக்குக்கம்பி தானாக இறங்கிவிடும். சுவரைத் தாங்குகிறவர்கள் வெளியே போய்விட்டால் சுவர் என்னாவது என்று சபை யோசித்துச் செய்த ஏற்பாடு. பட்டையைக் கழற்றுவது சபையால் மட்டும்தான் முடியும். அவள் பட்டையை அவர்கள் உயிர்போனாலும் கழற்றமாட்டார்கள்.

கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று பேச்சிமுத்து அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தப்பு செய்த பிள்ளை மாதிரி நின்றான்.

"எனக்காக அவகிட்ட சொல்லு வடிவு. நீ சொன்னா கேப்பா."

சரி என்றாள். வேறு என்ன சொல்லமுடியும்? அண்ணாச்சி அவள் கையைப் பிடித்துக் கதவின்மேல் வைத்தார். கதவு கனமே இல்லாமல் நகர்ந்து சாத்திக்கொண்டது. சுற்றி நின்ற கூட்டம் அவள் மணிக்கட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஐப்பசி பிறந்தது. இப்போது பாட்டு நேரத்தில் வடிவு வீட்டு வாசலில் நிற்பதில்லை, சுவரடியில் மேடை போட்டு அவளை நிறுத்தியிருக்கிறார்கள். அவளுக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று, வறண்டுபோவது. மூன்று மாதம் சிவப்பாக நின்றால் கதவு அவளுக்கும் திறக்கும். அதற்காக அவள் படாதபாடு படுகிறாள். பாட்டு தொடங்கியதும் மகளை நினைப்பதில்லை. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு எத்தனை சட்டி மணல் என்று நினைக்கிறாள். பம்பின் போல்ட்டுகளை மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி மாட்டுகிறாள். சொந்த வீட்டுப் பரணில் என்னென்ன பாத்திரம் இருக்கிறது என்று யோசிக்கிறாள். பரண் என்றதும் பரண் வீடு வந்துவிடுகிறது. பகலில் பம்ப் ரூமில் அவளே குறித்துவைத்த நீர்மட்டம் வந்துவிடுகிறது. இந்த மட்டத்துக்குப் பரண் வீட்டின் எத்தனாவது படிவரை தண்ணீர் நிற்கும் என்று அவளுக்குத்தான் கச்சிதமாகத் தெரியுமே.

ஊரே நீலமாகிவிட்டது என்று சபையில் சந்தோஷமாகப் பேசிக்கொள்கிறார்கள். கணவனை அனுப்பிவிட்டு நிற்கிற வடிவைப் பார்த்தாலே இப்போது பெண்கள் அழுதுவிடுகிறார்கள், காய்ந்துபோன கிழடுகள்கூட உருகுகின்றன. இந்த மழைக்குச் சுவருக்கு ஒரு குறையும் வராது என்று அண்ணாச்சி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்குப் பகலிலேயே கடல் சுவரில் மோதுகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் வடிவு மேடையில் ஏறி நின்றாள். எதையும் நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஒரே ஒரு தடவை, அடி அம்மா, நீ இருந்தால் என்னைக் காயவிடு என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே. பாட்டு முதல் அடியைத் தாண்டியது. கீழே நின்ற கூட்டம் ஒரே மூச்சாக அம்மா என்றது. அவள் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை, மூடிய இமைக்குள்ளேயே அந்த நீலம் தெரிந்தது.