பெரியத்தாவின் தலைமாடு

காம்பஸில் கோளாறு என்றுதான் மீரான் முதலில் நினைத்தான். உள்ளங்கையில் வைத்துத் தட்டினான், சட்டையில் துடைத்தான். பச்சைத் துணியை ஒதுக்கிவிட்டு, வீட்டின் உள்ளறையில் இருந்த முன்னோர் கபரின் சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே மறுபடியும் வைத்தான். முள் தயங்கித் தயங்கி ஆடிவிட்டு, முன்பு நின்ற இடத்திலேயே போய் நின்றது. வடக்கு என்று அது காட்டியது கபரின் தலைமாட்டை அல்ல. சாம்பிராணிக் கரி படிந்த பக்கத்துச் சுவரை.

பொன்மலை ரயில்வே பட்டறையில் படம் வரைகிற ஆபீசில் வேலை பார்க்கிறவன் அவன். ஒரு கோடு கோணலாகக் கண்ணில் பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஹரிக்கேன் விளக்கின் இரும்பு முள்ளை இழுக்கிறதோ என்று விளக்கை வெளியே வைத்துவிட்டு வந்து, தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தான். அப்போதும் அதே கதைதான். விடுவிடுவென்று மொட்டை மாடிக்கு ஏறினான். ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் மழை மூட்டத்தில் மங்கலாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இருக்கிற நடையின் திருப்பங்களை விரலால் காற்றில் வரைந்து பார்த்தான். முள் சொன்னது சரி. கபரின் தலைமாடு மேற்கே இருந்தது, கால்மாடு கிழக்கே.

முஸ்லிம் மையித்தைக் குழியில் அப்படிக் கிடத்துகிற வழக்கமே இல்லை. தலை வடக்கே, கால் தெற்கே, முகத்தைத் திருப்பி மேற்கே, தொழுகிற திசையான கிப்லாவைப் பார்க்க வைப்பார்கள். அவன் குடியிருக்கிற பாலக்கரையில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அவன் வீட்டில் மட்டும் எப்படி இத்தனை காலம் ஒருவர் கண்ணிலும் படவில்லை? யோசிக்க யோசிக்க அதற்கும் பதில் கிடைத்தது. கபரை முன்னால் வைத்து யாரும் தொழ மாட்டார்கள். தொழாத அறையில் திசையைப் பற்றி யாருக்குக் கவலை? ஜன்னல் இல்லாத அறை, இரண்டு முறை திரும்பிப் போகிற இருட்டு நடை. உள்ளே போகிறவர்கள் குனிந்த தலையோடு போய்க் குனிந்த தலையோடு வந்தார்கள். பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஸரத்துக்கு இந்த வீட்டுப் பழக்கமே பிடிக்காது, அவர் அந்த நடைக்குள் காலே வைத்ததில்லை.

இந்த வம்பு ஒரு கல்லால் வந்தது. மீரானுக்குக் குடும்ப சரித்திரப் பித்து. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்த ஊருக்காக அடித்துக்கொண்ட காலத்தில் நவாபின் பக்கம் பீரங்கி சுட்டவர் பெரியத்தா என்று வீட்டில் சொல்வார்கள். அத்தாவுக்கு அத்தாவுக்கு அத்தா என்று எண்ணிக்கொண்டே போனால் கடைசியில் நிற்கிறவர் அவர். கோட்டைக்கு வெளியே பதுங்குகுழி ஓரத்தில் குண்டு பட்டு விழுந்தார் என்பது பேச்சு. லால்குடி வரைக்கும் போய் வயசானவர்கள் வாயைக் கிளறி அவர் பெயரையும் பட்டத்தையும் சேகரித்த மீரான், பளிங்கில் அதையெல்லாம் வெட்டிப் பதிக்க ஸ்ரீரங்கத்தில் மதுரைவீரன் என்ற கல்தச்சரிடம் சொல்லியிருந்தான். எழுத்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தலை எந்தத் திசை என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். வடக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தவனுக்கு, எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஆபீஸ் காம்பஸை எடுத்து வரத் தோன்றியது. சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் சும்மா இருக்க முடியாத காரணம் ஒன்று வீட்டில் தூளியில் கிடந்தது. ரசூல், அவன் மகன். வருகிற வியாழக்கிழமை அவன் பிறந்து நாற்பதாம் நாள்.

இந்த வீட்டில் நாற்பது என்றால் விருந்தும் பாத்திஹா ஓதுவதும் மட்டும் இல்லை. தலைப்பிள்ளையைக் குளிப்பாட்டி, சந்தனம் தடவி, பெரியத்தாவின் கபர் மேல் படுக்க வைப்பார்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். வீட்டின் மூத்த பெண் கதவோடு வாயை வைத்துச் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. “பெரியத்தா, இது ஒங்க புள்ள. நாங்க வளத்துத் தர்றோம்.” அத்தாவையும் அப்படித்தான் கொடுத்தார்கள். மீரானையும் அப்படித்தான் கொடுத்தார்கள். ரசூலுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஆரிஃபாவின் தாய்வீட்டில், லால்குடியில், நாற்பது கழிந்த சில நாட்களிலேயே மௌத்தாகிவிட்டன. இங்கே கொண்டுவந்து காட்டாததால்தான் போயின என்று அம்மா சாரா பீவி அடித்துச் சொன்னாள். அதனால் இந்தத் தடவை பிரசவமே பாலக்கரையில்தான் என்று ஆயிற்று; தங்கிய பிள்ளை ரசூல்தான் என்பதால் அவனே தலைப்பிள்ளை.

மறுநாள் ஆபீசில் அவனுக்குக் கோடு ஓடவில்லை. போன வருஷம் கூட வேலை பார்க்கிற சவரிமுத்துவின் தகப்பனாரைக் கிறிஸ்தவர் கல்லறையில் அடக்கம் செய்தபோது மீரானும் போயிருந்தான். குழியருகே நின்று பார்த்தது இப்போது துல்லியமாக நினைவுக்கு வந்தது. மேற்கே தலை, கிழக்கே கால். எழுப்பப்படுகிற நாளில் உதிக்கிற பக்கம் பார்த்து எழுந்திருக்க வேண்டுமாம், அதற்காக. சுற்றியிருந்த அத்தனை துரைமார் கல்லறையும் அதே வாகில்தான் கிடந்தன. பெரியத்தாவின் கபரும் அதே வாகு.

வீட்டுக்கு வந்ததும் விளக்கோடு கபரின் கால்மாட்டில் போய்க் குந்தினான். அங்கே பெருச்சாளி வளை பறித்து மண்ணைக் குவித்திருந்தது. ஈர மண், சந்தனம், அடியில் வேறு ஏதோ ஒரு பழைய தோல் வாடை. தோல் வியாபாரம் செய்த குடும்பம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டே மண்ணைக் கிளறினான். வளைந்த இரும்புத் துண்டு ஒன்று கையில் சிக்கியது. மாட்டு லாடம் என்று நினைத்தான், ஆனால் மாட்டுக்கு இந்த வடிவம் வராது. துரைமார் பூட்ஸ் குதியில் அடிக்கிற லாடம் அது. இற்றுப்போன தோல் இன்னும் ஆணியில் ஒட்டியிருந்தது.

கபன் துணியைச் சுற்றிக்கொண்டு போகிறவர் காலில் பூட்ஸ் ஏது?

வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள், ஒரு மண்மேடு கண்ணில் பட்டது, நம்மவர் இங்கேதானே எங்கோ விழுந்தார், அப்படியானால் இது அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அவசரத்தில் தன் கூட்டத்தாரால் புதைக்கப்பட்ட யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், எந்தக் கடல் தாண்டியோ வந்தவன், இத்தனை தலைமுறையாக இந்த வீட்டுக்கு அத்தாவாகக் கிடக்கிறான். பீரங்கி சுட்ட உண்மையான பெரியத்தா எந்த மண்ணில் கிடக்கிறாரோ, அவருக்கு ஒரு பாத்திஹா ஓத ஆளில்லை. மீரானுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே பயமும் வந்தது.

அம்மாவிடம் சொன்னான். அவள் கோபப்படுவாள், நம்ப மாட்டாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ கையில் இருந்த வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டுவிட்டு, லாடத்தை வாங்கி முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“யாரா இருந்தா என்னடா? நாம கூப்பிட்டோம். அவர் வந்தாரு.”

“வந்தாருன்னா? எங்கம்மா வந்தாரு?”

“நீ அங்க கெடந்தப்போ அழவே இல்ல. நான் கதவுல காத வச்சுக் கேட்டேன். சிரிச்சே. யாரோ தூக்கிக் கொஞ்சினா சிரிக்கிற சிரிப்பு. நாப்பது நாள் புள்ளைக்கு அந்தச் சிரிப்பு வருமா?”

 கதவோடு வாயை வைத்துச் சொல்கிற அந்த வார்த்தையை மீரான் வாழ்நாள் முழுக்கச் செல்லப் பேச்சாகத்தான் கேட்டிருந்தான். இப்போது அதை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தான். உங்கள் பிள்ளை. வளர்த்துத் தருகிறோம். தருகிறோம் என்றால் ஒரு நாள் கேட்டால் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கே அந்த அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டான். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். பிள்ளையைக் காட்டப்போவதில்லை என்று ஆரிஃபாவிடம் சொன்னபோது அவள் முகம் வெளிறிப் போயிற்று.

“ரெண்டக் குடுத்துட்டேங்க. இதையும் என்னால குடுக்க முடியாது. காட்டுறதா, வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா புள்ள எனக்கு வேணும்” என்றாள். எனக்கும் வேண்டும், அதனால்தான் பூட்டினேன் என்றான் மீரான்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. சொந்தக்காரர்கள் நனைந்துகொண்டே வந்து, நெய்ச்சோறு சாப்பிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மீரான் சொன்னதை அரை மனதாகக் கேட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினார்கள். அம்மா யாரோடும் பேசவில்லை. தன் அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டாள். அவள் முனகுவது கேட்டது. ஓதுகிறாளா, அழுகிறாளா, யாரிடமாவது மன்னிப்புக் கேட்கிறாளா என்று புரியவில்லை.

பொழுது சாய்ந்ததும் மக்ரிப் பாங்கு மழையில் கரைந்து வந்தது. மீரான் முற்றத்தில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்ய உட்கார்ந்தான். தகரத் தாழ்வாரத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம், பக்கத்துச் சந்தில் மாட்டுவண்டி ஒன்று சேற்றில் இழுபடுகிற சத்தம், விருந்துச் சட்டியை யாரோ தேய்க்கிற சத்தம், இவற்றுக்கெல்லாம் அடியில், நடையின் அந்தக் கோடியிலிருந்து, இரும்பு கல்லில் படுகிற ஒரு சத்தம் கேட்டது. ஒரு தரம்தான். பாத்திரமாக இருக்கும் என்று முகத்தைக் கழுவினான்.

மறுபடியும் கேட்டது. பிறகு இரும்பு இல்லாத ஒரு காலடி, மெத்தென்று. பிறகு இரும்பு.

ஈரக் கையோடு எழுந்தான். அரைஞாணைத் தடவினான். சாவி இருந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு நடைக்குள் போனான். முதல் திருப்பம், சாம்பிராணி மணம். இரண்டாவது திருப்பம், பழைய தோல் வாடை, ஈர மண், அதற்குள் வேர்வை. ஆம், வேர்வை. உயிரோடு இருக்கிற ஒரு ஆண்பிள்ளையின் வேர்வை. கதவில் பூட்டு தொங்கியது. கை படாத பூட்டு. காதைப் பலகையில் வைத்தான்.

உள்ளே ஒன்றும் இல்லை.  ஒரு வீட்டில் ஆள் இல்லாதபோது இருக்கிற வெறுமை அது. இத்தனை நாளும் அந்த அறை அப்படி இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஓடினான். நடையில் தோள் இடித்தது. விளக்கு கையிலிருந்து நழுவி உருண்டது. கூடத்துக்கு வந்தான்.

கூடத்தில் சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆரிஃபா தூளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பூண்டு உரித்துக்கொண்டே, இன்னொரு கையால் தூளிக் கயிற்றை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை. மீரானுக்கு மூச்சு வந்தது.

“சத்தம் போடாதீங்க. இப்பத்தான் தூங்குது” என்றாள் திரும்பாமல். “என்னமோ இன்னிக்கு கனமா கனக்குது. கையே விட்டுப்போச்சு.”

உத்திரம் கிறீச்சிட்டது.

மீரான் பார்த்தான்.

தூளி இடுப்பளவில் தொங்கவில்லை. தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. புடைவைத் துணி விறைத்து நீண்டு, உள்ளே ஒரு நீளமான பாரம். முழங்கால் மடங்கிய மேடு. தோள் அழுத்திய மேடு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது தரையில் உரசியது. ஈர மண் கோடு போட்டது.

கத்தவில்லை. கத்தினால் அவள் திரும்புவாள். திரும்பினால் பார்ப்பாள். பிள்ளை உள்ளே இருந்தது.

குனிந்தான். இரண்டு கையாலும் மடிப்பை விலக்கினான்.

ரசூல் இருந்தான். விழித்திருந்தான். ஒரு மார்பின் மேல் குப்புறக் கிடந்தான். மட்கிய சிவப்புச் சிப்பாய்ச் சட்டை போட்ட மார்பு. அது ஏறியது. இறங்கியது. பிள்ளை சிரித்தது. அதற்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் துணியின் நிழல் விழுந்திருந்தது. மீரான் நிழலைப் பார்க்கவில்லை. பிள்ளையின் அக்குளில் கை கொடுத்தான். தூக்கினான்.

வரவில்லை.

உள்ளிருந்து ஒரு கை எழுந்தது. நிதானமாக. பிள்ளையை விட்டுவிட்டு மீரானின் தலையைத் தேடியது. கிடைத்தது. உச்சியில் வைத்துத் தடவியது. பெற்ற அத்தாகூட அவனை அத்தனை ஆசையாகத் தடவியதில்லை. பிறகு பிடரிக்கு இறங்கியது. பின்னால் வந்த பிள்ளையையும் படுக்கைக்குள் இழுத்துக்கொள்கிற மாதிரி, மெதுவாக இழுத்தது.

உள்ளே அவனுக்கும் இடம் இருந்தது.

ஆரிஃபா கயிற்றை இழுத்துவிட்டாள். தூளி ஆடியது.