தலைவர் கரையை நோக்கி

செயற்கைக்கோள் படத்தில் வளைகுடா வாயிலில் நிரந்தரத் தலைவரின் பக்கவாட்டு முகம் தெளிவாகத் தெரியும். நெற்றிக்கு ஒரு மணல்மேடு, மூக்குக்கு ஒன்று, மீசைக்கு மட்டும் ஏழு. எல்லாம் நீருக்கடியில்.

கடலடியில் நட்ட நாலாயிரம் ஓதப்பலகைகளின் கைவண்ணம் அது. கப்பல் தடத்தில் மணல் சேராமலிருக்கக் கண்டுபிடித்தவை. ஓதத்தில் கடல் ஏறும்போதும் வற்றும்போதும் அவை திரும்பி நீரோட்டத்தை வளைக்கும். சொன்ன இடத்தில் மணல் குவியும். உருப்படியான ஒரு கருவி கிடைத்தால் அதை வைத்து யாரையாவது கும்பிடாமல் நமக்குச் சோறு இறங்காது.

வெள்ளோட்டத்தில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் தலைவர் கடலைப் பார்த்திருந்தார். திறப்பு விழா மேடையோ கரையில். தலைவர் மக்களுக்கு முதுகு காட்டுவதா என்று மேலிடம் கொதித்தது. திட்ட இயக்குநர் முனைவர் பூவராகன் வியர்த்துப்போய், பலகைகளை மாற்றித் திருப்பி, வற்றும் நீரின் வேகத்தைக் குறைத்து ஏறும் நீரைக் கூட்டினார். மேடுகள் புரண்டன. மூக்கு கரைப்பக்கம் திரும்பியது.

திட்ட அலுவலகத்துக்காக முக்குளித்து மேடுகளை அளப்பவள் பிலோமினா. அவள் ஊரின் நாற்பது மீன்பிடி வள்ளங்கள் வளைகுடாவுக்குள்தான் நின்றன.

"ஐயா, மேடு எந்தப் பக்கம் செங்குத்தா நிக்குதோ அந்தப் பக்கமா நடக்கும். இப்ப அது வாசலப் பாத்து நிக்குது. வாசல் அடைஞ்சா எங்க வள்ளம் கடலுக்குப் போவாது."

"தலைவர் மக்களை நோக்கி நடக்கிறார். இதுல என்னம்மா குத்தம்?" என்ற பூவராகன், அந்த வரியை விழா உரைக்காகக் குறித்தும் வைத்துக்கொண்டார்.

மூன்றே மாதத்தில் மூக்கு வாயிலை அடைத்தது. வள்ளங்கள் உள்ளே சிக்கின. வற்றும் நீரோடு வெளியேறிவந்த நகரத்துச் சாக்கடை, போக வழியின்றித் திரும்பியது. மஞ்சள் நுரை, வயிறு வெடித்த மடவை மீன்கள், குழந்தைகளின் அணையாடைகள். இயக்குநர் வீட்டுக் கழிப்பறை காலையும் மாலையும் ஓதம் தவறாமல் பொங்கியது.

மணல் அள்ளும் கப்பல் வந்து சும்மா நின்றது. தலைவரின் உருவத்தைச் சிதைத்தால் ஏழாண்டு சிறை. காதுமடலிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டுப் பூவராகன் அனுப்பிய கோப்பு, யாரும் கையெழுத்திடாமல் திரும்பி வந்தது.

பிலோமினா அவரைக் கரையிலேயே பிடித்தாள்.

"அள்ள வேண்டாம்யா. பலகைய பழையபடி திருப்புங்க. வந்த வழியே அவரே போயிருவாரு."

பூவராகன் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை.

"செய்யலாம்தான். தலைவர் பின்வாங்கினார்னு அறிக்கையில எவன் எழுதுவான்?"

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. நுரை அவர் காலணியைத் தொட்டது. நீருக்கடியில் தலைவர் இன்னும் இரண்டு விரற்கடை முன்னேறினார்.