முழங்காலுக்கு அளவெடுக்கும் அம்மா

எதிர்வீட்டு மாடியில் இருப்பவள் தையல்கார அம்மா. ஊரில் எல்லாருக்கும் சட்டைக்கு அளவெடுப்பாள். பெற்ற மகளுக்கு மட்டும் முழங்காலுக்கு!

நான் எட்டிப் பார்ப்பவள் இல்லை. அவர்கள் ஜன்னலுக்கு நேராக என் ஜன்னல் இருந்தால் நான் என்ன செய்ய?

மகளுக்கு மூட்டுவாதம். "அது பெரியவங்களுக்குத்தானே வரும்?" என்று கேட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். சின்னவர்களுக்கும் வருமாம். காலையில் முழங்கால் மரக்கட்டையாகிவிடும். மெல்ல நடந்தால்தான் இளகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

யார் கேட்டது? பிள்ளை கண் திறக்கும் முன்பே அம்மா டேப்பைச் சுற்றிவிடுவாள்.

"வலிக்குதா? வீங்கின மாதிரி இருக்கே! இன்னிக்கு ஸ்கூல் வேண்டாம்."

டேப் மனசு வைத்தால் பள்ளிக்கூடம் உண்டு. அன்று பூட்டு ரிப்பேர்காரரான அப்பா, அவளை முதுகில் சுமந்து வெளிப்படியில் இறங்குவார்.

"மகாராணி வராங்க, வழி விடுங்க!" என்று தெருப் பிள்ளைகள் கத்துவார்கள். மகாராணி முகத்தை அப்பாவின் சட்டைக்குள் புதைத்துக்கொள்வாள்.

கால் நாளுக்கு நாள் இறுகியது. "இப்படியே விட்டா மடங்கினபடியே நின்னுடும்" என்று டாக்டர் கடிந்துகொண்டார். அன்று அந்த வீட்டில் விளக்குகூடப் போடவில்லை.

மறுநாள் டேப்போடு வந்த அம்மாவிடமிருந்து மகள் அதைப் பிடுங்கினாள். அம்மாவின் நெற்றியில் வைத்து அளந்தாள்.

"என்னடி பண்றே?"

"நெத்தி சுருங்கிப்போச்சும்மா. இன்னிக்கு நீ தைக்க வேண்டாம். படுத்துக்கோ."

"எனக்கென்ன கேடு? துணி குவிஞ்சு கிடக்கு!"

"பாத்தியா, உனக்கே கோபம் வருது."

மகள் டேப்பைச் சுருட்டி அம்மாவின் கையில் வைத்தாள்.

"வலி எப்பவும் கொஞ்சம் இருக்கும்மா. ஏதாவது வேலையில மறந்திருப்பேன். நீ கேட்டதும் எங்கேன்னு தேடுவேன். தேடினா உடனே கிடைச்சிடுது. நீ கேக்காதே. தாங்கலைன்னா நானே சொல்றேன். ஆனா சொன்னா அழக் கூடாது."

"என்னால முடியுமான்னு தெரியலடி" என்றாள் அம்மா. பொய் சொல்லவில்லை.

அப்பா வழக்கம்போல முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"வேண்டாம்ப்பா. முன்னாடி போங்க."

வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் இறங்கினார். மகள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். பாதியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"வலிக்குது" என்றாள், தானாகவே.

அப்பாவின் கை நீண்டது, பிறகு மடங்கியது. மேலே அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாத்து, பாத்து!" என்று எனக்கும் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். இந்தத் தெருவில் நான் வாயை மூடியது அன்றுதான்.

மகள் குனிந்து முழங்காலை நீவிக்கொண்டாள்.

"சரி, போலாம்" என்றாள் மகள். அடுத்த படியில் காலை வைத்தாள்.