ஊமைக் கோளின் அழைப்பு

"இன்னைக்கு போன்ல உன் குரல் எவ்வளவு இதமா இருந்துச்சு தெரியுமா?" என்று கேட்டபடி லோர்னா கணவனின் தட்டில் பீன்ஸைப் போட்டாள். எல்வுட்டின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. அன்று அவன் வீட்டுக்குப் பேசவே இல்லை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டுக்குள் இருந்த தரைநிலையத்தில் அவனுக்கு வேலை. பரிசோதனைக்காக ஏவிய செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும் கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்கு வீட்டுக்குப் பேசுவார்கள். குரல் வானத்துக்குப் போய் மனைவியின் காதில் இறங்கும். அது அச்சு அசலாக வருகிறதா என்பதைக் கருவியைவிட மனைவி சரியாகச் சொல்வாள் என்று அங்கே நம்பினார்கள். ஆனால் கோள் போன வாரமே ஊமையாகிவிட்டது. வெளியே சொல்லக் கூடாது என்று மேலிடத்தின் உத்தரவு. வீட்டிலும் அவன் மூச்சு விடவில்லை.

பேசியவன் பர்ட்டன்தான் என்று முடிவு கட்டினான். எதிர்வீட்டுக்காரன், கூட வேலை பார்ப்பவன், யார் குரலிலும் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பவன். கோள் கடக்கும் வேளை பார்த்து லோர்னா தலை வாரிக்கொள்வதையும், உதட்டுச் சாயம் பூசுவதையும், ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பதையும் கற்பனை செய்து எல்வுட் பொருமினான்.

மறுநாள் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டான். குளிர்காலச் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிட, அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தமும் காயாத கம்பளியின் வாடையும் கூடத்தை நிறைக்க, அவன் தொலைபேசிக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சன்னலுக்கு வெளியே பர்ட்டன் தன் வாசலில் பனியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது.

பர்ட்டன் இன்னும் அள்ளிக்கொண்டுதான் இருந்தான்.

எல்வுட் எடுத்தான். நெடுந்தொலைவின் இரைச்சல். பிறகு, "லோர்னா, கண்ணு..."

எல்வுட்டின் சொந்தக் குரல். அவன் ஒருநாளும் அவளிடம் காட்டாத கனிவு. பயத்துக்கும் மேலே பொறாமை பொங்கியது. யாருடா நீ என்று கத்தினான். அறையில் சத்தமே எழவில்லை. சற்றுப் பொறுத்து, இரைச்சலுக்குள்ளிருந்து அவன் கேள்வி அவன் காதுக்கே திரும்பி வந்தது. அங்கே யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

லோர்னா ஓடி வந்து ரிசீவரைப் பிடுங்கினாள். அவனைப் பார்த்தாள். பின்வாங்கியபடி போனுக்குள் சொன்னாள்.

"எல்வுட், வீட்டுக்குள்ள எவனோ நிக்கிறான். வாயத் தெறந்து தெறந்து மூடுறான். பயமா இருக்கு, சீக்கிரம் வா."

அவன் தலையை ஆட்டினான். நெஞ்சில் அடித்துக் காட்டினான். நான். நான்தான். காற்றுகூட வரவில்லை.

வெளியே மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"என்ன எல்வுட், காய்ச்சல்னு சொன்னாங்களே?" பர்ட்டன் யாரிடமோ கேட்டான்.

படியில் காலடிகள். கதவின் பிடி திரும்பியது.

லோர்னா முகம் மலர்ந்து வாசலுக்கு ஓடினாள். இத்தனை வருஷத்தில் அவனுக்காக ஒருநாளும் அவள் அப்படி ஓடியதில்லை.