கருப்பு ஹார்லண்டுக்கு மஞ்சள் பெயின்ட்

நோர்மா டட்டல் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வெர்னா ஹோல்ம் ஊற்றிக் கொடுத்த காபியை அவள் தொடவே இல்லை.

"திங்கக்கிழமை கேஸ் வருதுங்க. என் தம்பி லியோவோட வக்கீலே, குத்தத்த ஒத்துக்கோ, தண்டனை கொறையும்ங்கறார். செய்யாத காரியத்துக்கு எதுக்குங்க கொறைச்ச தண்டனை?"

வெர்னா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மோதி நசுங்கிய கார்களைப் பார்த்து மதிப்பிட்டே தலை நரைத்தவள். 'மரத்தில் மோதியது' என்று எழுதித் தந்தவன் எதில் மோதினான் என்பதை அவள் தகரத்தைத் தடவிச் சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகும் மிச்சிகனின் அந்த ஏரிக்கரை ஊர் அவளை விடவில்லை. ரேடியோ ரிப்பேர்க் கடை டேல் கொவால்ஸ்கியும் விடவில்லை. அவளுடைய ரேடியோவைச் சரிபார்க்க வந்தவன், அவளிடம் வருகிற வழக்குகளின் ருசி கண்டு அங்கேயே ஒட்டிக்கொண்டான்.

"மொதல்லேருந்து சொல்லும்மா" என்றாள் வெர்னா.

நோர்மா சொன்னாள். போன நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம். ஏரியிலிருந்து மூட்டம் எழுந்து ஏரிச்சாலையை விழுங்கியிருந்தது. ராத்திரி பனி கொட்டும், விடிந்ததும் சாலைக்கு உப்பு தூவ லாரிகள் வரும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழம் பதனிடும் ஆலையின் காவல்காரர் ஆமோஸ் பிக்கெட் சைக்கிளில் வேலைக்குப் போனார். போய்ச் சேரவில்லை. காலையில் பனிக்கு அடியில் அவரையும் சைக்கிளையும் தோண்டி எடுத்தார்கள். அடிபட்ட பிறகும் வெகுநேரம் உயிர் இருந்திருக்கிறது, யாராவது தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். சைக்கிளில் கருப்புப் பெயின்ட் ஈஷியிருந்தது. லியோவின் கருப்பு லாரி அன்று அதே வழியாக வந்தது, அதன் மட்கார்டும் நசுங்கியிருந்தது.

"மான் குறுக்க பாஞ்சதுன்னு சொல்றான். அன்னிக்குக் குடிச்சிருந்தான், அதை நான் மறைக்கல. ஆனா ஒரு மனுஷனை இடிச்சுட்டு நிக்காம வர்றவன் இல்லீங்க என் தம்பி. அடிபட்ட அணிலைக்கூட வீட்டுக்குத் தூக்கிட்டு வருவான். போன வாரம் போய்ப் பார்த்தேன், முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு ஒரு வார்த்தை பேசல. உள்ள இருந்தா அவன் செத்துப் போயிடுவான்ங்க."

அப்போது வெளியே தெருவில் ஒரு கார் மெதுவாகப் போயிற்று. நீண்ட மூக்கும் வளைந்த மட்கார்டுகளுமாக முப்பது வருஷத்துப் பழைய ஹார்லண்ட். மூட்டத்தில் அதன் மஞ்சள் நிறம் மட்டும் நோயாளியின் கண்ணைப் போலத் தெரிந்தது.

ஜன்னலோரம் நின்ற டேலுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கிற நேரமில்லை என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. "மன்னிச்சுக்க நோர்மா. கஸ்டர்டு கிண்ணம் ஊர்வலம் போகுது பாரு."

"யாரு அது?" என்றாள் வெர்னா.

"நம்ம பல் டாக்டர் வெண்டல் க்ரேன்தான். எங்க பழைய கார் கிளப்புக்குத் தலைவர். அந்தக் காருக்குக் கம்பெனியில அடிச்ச கருப்பு அப்படியே இருந்துச்சு வெர்னா! ஒரு தடவைகூட மேல பெயின்ட் படல. அது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? பெயின்ட் அடிச்ச காரை மறுபடி எத்தனை தடவையும் அடிக்கலாம். அடிக்காத காரா இருக்கறது ஒரே ஒரு தடவைதான். நவம்பர்ல மான் வேட்டைக்குப் போனப்ப அவரோட ஏரிக்கரைக் கேபின்ல பார்த்தேன், கருகருன்னு பழைய வெல்வெட் மாதிரி மின்னுச்சு. வசந்தத்துல வெளிய எடுத்தா மஞ்சள்! ஹார்லண்ட் கம்பெனி அந்த நிறத்துல ஒரு கார்கூட விட்டதில்ல. இப்ப அதை யாரு மதிப்பா?"

"கேட்டதுக்கு என்ன சொன்னார்?"

"வயசாயிடுச்சு, கொஞ்சம் குஷியா ஒரு கலர் வேணும்னார். குஷியாம், குஷி! விரல் பட்டாலே அழுவுற ஆளு."

"எம் பையன் அந்தக் காரை ஒருதரம் தொட்டுட்டான்" என்றாள் நோர்மா. "எல்லார் முன்னாலயும் அவன் கையைப் புடிச்சு முறுக்கினார். கண்ணாடியில விரல் வக்கிறதும் என் கார்ல விரல் வக்கிறதும் ஒண்ணுன்னு நெனச்சியான்னு கேட்டார்."

வெர்னா சிரிக்கவில்லை. கார் மறைந்த திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நோர்மா, உன் கைப்பையில நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் இருக்குமா?"

ஷெரிப் கஸ் ஓர்ட்டன் முணுமுணுத்துக்கொண்டேதான் சாட்சிப் பொருள் கிடங்கைத் திறந்தார். சைக்கிள் மூலையில் வளைந்து கிடந்தது. லியோவின் லாரி பக்கத்திலேயே நின்றது. வெர்னா பஞ்சை நனைத்து லாரியின் கதவில் நன்றாகத் தேய்த்தாள். பஞ்சு அழுக்கானது, அவ்வளவுதான். இன்னொரு பஞ்சை எடுத்துச் சைக்கிளின் கம்பியில் ஈஷியிருந்த கறையின் ஓரத்தை மட்டும் தொட்டாள். கருப்பு கரைந்து மையாகப் பஞ்சில் இறங்கியது.

"ரெண்டும் கருப்புதான் கஸ். ஆனா ஒரே ஜாதி இல்ல. லியோ லாரிக்கு அடிச்சது சூளையில சுட்ட எனாமல், இதுக்கெல்லாம் அசையாது. சைக்கிள்ல இருக்கறது லாக்கர்ங்கற பழைய காலத்துப் பெயின்ட். நெயில் பாலிஷும் அந்தக் குடும்பம்தான், அதான் அதைக் கரைக்கிற மருந்துக்கு இதுவும் கரையுது."

ஷெரிப்பின் முணுமுணுப்பு நின்றது. பஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப ஏதோ பழைய கார்ங்கறே. நான் அப்பவே கிளப் ஆளுங்களை விசாரிச்சேனே. எல்லா வண்டியும் அக்டோபர்லயே டவுன் கராஜுக்குப் போயிடுச்சுன்னு வெண்டல் சொன்னார். உப்பு பட்டா தகரம் துருப்பிடிச்சுடும்னு குளிர்காலத்துல வெளியவே எடுக்க மாட்டாங்களாமே."

"வெண்டல் வண்டியும் போயிடுச்சுன்னா சொன்னார்?"

"அதைத்தான் மொதல்ல சொன்னார்."

வெர்னா பஞ்சை மடித்து உறையில் போட்டாள். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை, கிளப் ஆளுங்க ஏரிக்கரையில கூடுறாங்க இல்லியா டேல்? உன் காந்தத்தை எடுத்துட்டு வா" என்றாள் அவள்.

மறுநாள் மத்தியானம் வானம் இருண்டு ஏரியின் மேல் கவிழ்ந்திருந்தது. புல்வெளியில் கார்கள் வரிசையாக நின்றன, டேலுடைய சாம்பல் நிறக் குட்டிக் காரும் அதில் ஒன்று. கடைசியில் தள்ளி, கிட்டப் போக யாருமில்லாமல், மஞ்சள் ஹார்லண்ட். நோர்மா காபி ஊற்றுகிற சாக்கில் வந்திருந்தாள். ஷெரிப் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றார்.

வெர்னா நேராக ஹார்லண்டிடம் போனாள். "டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம். கிளப் ஆளுங்க எல்லாரும் பாக்கெட்ல காந்தம் வச்சிருக்காங்களாமே, எதுக்கு?"

வெண்டல் க்ரேன் உயரமான, பளிச்சென்று சவரம் செய்த மனிதர். அவர் பதில் சொல்வதற்குள் டேல் முந்திக்கொண்டான். "அடுத்தவன் காரை நோண்டத்தான்! நசுங்கின எடத்துல டிங்கரிங் பண்ணி பட்டி பூசியிருந்தா அங்க காந்தம் ஒட்டாது. ஆளு அந்தப் பக்கம் திரும்பினதும் லேசா வச்சுப் பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தார்.

"இந்த வண்டியில யாராவது வச்சுப் பாத்தீங்களா?"

"இதிலயா?" என்றான் வரிசையில் நின்ற ஒருவன். "இதுதான் ஏற்கெனவே கெட்டுப்போன வண்டியாச்சே. இதுல என்னத்தப் பாக்கறது?"

"அதேதான்" என்றாள் வெர்னா. குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"மறு பெயின்டே படாத காரை வச்சிருக்கறவர் அதுக்கு ஏன் மஞ்சள் அடிக்கறார்? எல்லாரும் கேட்டீங்க, சிரிச்சீங்க, போயிட்டீங்க. நான் திருப்பிக் கேட்டுப் பாத்தேன். ஒரு மட்கார்டு மட்டும் நசுங்கிடுச்சுன்னு வைங்க. அதை மட்டும் சரி பண்ணிக் கருப்பு அடிச்சா என்ன ஆகும்?"

"உடனே தெரிஞ்சுடும்" என்றான் டேல். "முப்பது வருஷக் கருப்புக்கும் நேத்து அடிச்ச கருப்புக்கும் ஒட்டவே ஒட்டாது."

"சரி, முழுக் காருக்கும் அதே கருப்பை அடிச்சா?"

"இவ்வளவு நல்ல காரை எதை மறைக்கடா அடிச்சேன்னு..." டேலின் நாக்கு பாதியில் நின்றது. "காந்தத்தோட சுத்தி வந்திருப்போம்."

"ஆமா. நல்ல நிறம் அடிச்சா உங்களுக்குச் சந்தேகம் வரும். கேவலமான நிறம் அடிச்சா சிரிப்பு வரும். சிரிக்கிறவன் குனிஞ்சு பாக்க மாட்டான். தன் வண்டி தன் கண்ணு முன்னாடி கேலிப்பொருளாகட்டும்னு ஒருத்தர் முடிவு பண்ணணும்னா, அதைவிடப் பெரிய ஒண்ணைத் தொலைக்கப் பயந்திருக்கணும்."

வெண்டலின் உதடு வெளுத்தது. "கதை நல்லாயிருக்கு. என் வண்டி அக்டோபர்லயே டவுன் கராஜுக்கு வந்துடுச்சு. ஊருக்கே தெரியும்."

"இல்லையே டாக்டர்" என்றான் டேல். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. "நவம்பர்ல மான் வேட்டையப்ப உங்க கேபின்ல நான் பாத்தேனே. கருப்பா இருந்துச்சு."

"அதுக்கப்புறம் காலையில உப்பு லாரி வருதுன்னு ரேடியோவுல கேட்டிருக்கீங்க" என்றாள் வெர்னா. "உப்பு விழுந்த ரோட்டுல இந்த வண்டியை ஓட்ட உங்களுக்கு மனசு வராது. அதனால அன்னிக்குச் சாயங்காலமே, அவ்வளவு மூட்டத்துலயும், கேபின்லேருந்து டவுனுக்கு ஓட்டிட்டு வந்தீங்க. வேற வழி இல்ல, ஏரிச்சாலை ஒண்ணுதான். டேல், காந்தத்தைக் கொடு."

அவள் இடப்பக்க மட்கார்டில் காந்தத்தை வைத்தாள். டக்கென்று ஒட்டியது. வலப்பக்கம் போய் வைத்தாள். காந்தம் மஞ்சளில் வழுக்கிப் புல்லில் விழுந்தது. எடுத்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

ஷெரிப் தொப்பியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "இந்த மஞ்சளைச் சுரண்டினா அடியில இருக்கற கருப்பு என்ன ஜாதின்னு தெரிஞ்சுடும் வெண்டல். பஞ்சு என்கிட்ட இருக்கு. சொல்றதை நீங்களே சொல்லிடுங்க."

பேசியபோது வெண்டல் யாரையும் பார்க்கவில்லை, மட்கார்டைத்தான் பார்த்தார். "மூட்டத்துல திடீர்னு முன்னாடி வந்தார். நான் நிறுத்தினேன். ஓடிப் போகல, நிறுத்தி எறங்கினேன்."

"எறங்கி?" என்றாள் நோர்மா. காபிக் குவளையை வைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"எறங்கி... மட்கார்டைப் பாத்தேன்."

"அவரு பேசினாரா?"

"டாக்டர்னு கூப்பிட்டார். ரெண்டு தடவை. கால் மரத்துப் போச்சு டாக்டர்னார். இருங்க, இதோ வர்றேன்னு சொன்னேன். கைக்குட்டையால தொடச்சுப் பாத்தேன், கீறல் மேலாக்கவா ஆழமான்னு. தகரமே உள்ள போயிருந்துச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. திரும்பிப் பாத்தப்ப அவர் கூப்பிடறதை நிறுத்திட்டார். செத்துட்டார்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"உசுரோட இருந்தார்" என்றாள் நோர்மா. "ரொம்ப நேரம் உசுரோட கெடந்தார். உங்களுக்குப் பதிலா என் தம்பி ஆறு மாசமாச் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

ஷெரிப் வெண்டலின் கையைப் பிடித்தார். அவர் திமிறவில்லை. "இன்னிக்கே உன் தம்பியை வெளிய விடச் சொல்றேன் நோர்மா. ஜட்ஜை மத்தியானத் தூக்கத்துலேருந்து எழுப்பியாவது கையெழுத்து வாங்கிடறேன்" என்றார் ஷெரிப். அது காதில் விழுந்ததும் நோர்மா அப்படியே புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய துளிகளாக மஞ்சள் மேல் விழுந்து ஓசையிட்டது. நடந்துகொண்டிருந்த வெண்டல் சட்டென்று திரும்பினார். "யாராவது அதை மூடுங்கப்பா. நனையுது."

கிளப் ஆட்களுக்கு அது போதும். எல்லாரும் தத்தம் காரை நோக்கி ஓடினார்கள். டிக்கிகள் திறந்தன, தார்ப்பாய்கள் விரிந்தன. டேலும் ஓடினான். உறையை இழுத்துத் தன் சாம்பல் நிறக் காரின் மூக்கில் மாட்டி, ஓரத்தை இழுத்துவிட்டு, ஒரு சொட்டும் உள்ளே போகாதென்று பார்த்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தான்.

நோர்மா புல்லில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா மூடிட்டியா டேல்?" என்றாள்.

அவன் கை உறையின் ஓரத்தை விட்டது. வெர்னா தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டு, கைகொடுத்துத் தூக்கி, மழையினூடே அழைத்துக்கொண்டு போனாள்.